தம்பியின் கையெழுத்து

மாணவர் நலப் பிரிவில் நான்காம் கவுண்டர் என்னுடையது.
இரவு பத்துக்கு மேல் விடுதிக் கதவைத் தாண்ட வேண்டிய பெண்கள்
மாலை நாலுக்குள் என்னிடம் வந்தாக வேண்டும்,
பாதுகாவலர் கையெழுத்தோடு.
ஆண்கள் விடுதிக்கு இப்படியொரு கவுண்டர் கிடையாது.
அங்கே கதவு இருக்கிறதா என்றே
எனக்குத் தெரியாது.

ரமீஸாவுக்கு இருபத்தொன்பது வயது. மேலப்பாளையத்துக்காரி.
அவள் ஆய்வகத்தில் வளர்க்கிற செல்களுக்குப்
பகல் ஒன்றுக்கும் ராத்திரி ஒன்றுக்கும் சாப்பாடு மாற்ற வேண்டும்.
"அதுங்களுக்கு மணி தெரியும் மேடம்,
கவுண்டர்தான் தெரியாது" என்பாள்.

வாப்பா இல்லை.
பாதுகாவலர் கட்டத்தில்
நைனார் முகம்மது, சகோதரன், வயது பத்தொன்பது,
ஷார்ஜா ரோலாவில் செல்போன் கடை.
கணக்கில் அவனைக் கரையேற்றியவள் இவள்.
அவன் விசாவுக்குப் பணம் கட்டியவளும்.

மூன்றாம் மாதம்தான் கவனித்தேன்.
எல்லாப் படிவத்திலும் ஒரே பேனா, ஒரே சாய்வு,
'நை'யின் சங்கிலிக்கொம்பு ஒரே மாதிரி முறுக்கிக்கொள்கிறது.
தேதிக்கு மட்டும் வேறு மை.
மூலையில் சால்னா எண்ணெய்க் கறை.
அடுத்த நாள் படிவத்தில் அதே கறை கொஞ்சம் வெளுத்து,
அதற்கடுத்த நாள் இன்னும் வெளுத்து.
பரோட்டா தின்றுகொண்டே
ஒரு கட்டு முழுக்கப் போட்டுக் கொடுத்திருக்கிறான் பையன்.

முத்திரை குத்தினேன்.

மாலையில் எனக்கு இன்னொரு வேலை,
மணிக்கூலிக்கு.
பேராசிரியரின் ஆய்வுக்கு நேர்காணல் எடுப்பது:
உயர்கல்வியில் பெண்களின் பன்னாட்டு நகர்வு.
கேள்வி பதினொன்று:
உங்கள் நகர்வுக்குத் துணைநின்றவர் யார்?
ரமீஸா சிரித்தாள்.
நாற்பது நொடி, ரெக்கார்டரில் இருக்கிறது.
குறியீட்டுப் பட்டியலைத் திறந்தேன்.
குடும்ப ஆதரவு, நான்கு.
குடும்பத் தடை, ஐந்து.
நான்கரை என்று அடித்தேன்.
மென்பொருள் ஏற்கவில்லை.

அன்று ராத்திரி என் விசாத் தாளை எடுத்துப் பார்த்தேன்.
ஸ்பான்சர், கணவர். தொழில், இல்லத்தரசி.
ஆட்சேபணை இல்லையென்று அவர் கைப்பட ஒரு கடிதம்
எட்டு வருடமாக ஆபீசுக்குப் போகிறது.
நல்ல மனுஷர். ஒருநாளும் ஆட்சேபித்ததில்லை.
ஆட்சேபிக்கலாம் என்பது
ஃபைலில் பத்திரமாக இருக்கிறது.
ஆய்வு மாதிரியில் நான் வரமாட்டேன்.
கேட்கிறவளிடம் யாரும் கேட்பதில்லை.

ஜூனில் ரமீஸா க்ரோனிங்கன் போனாள்.
ஆய்வகச் சாவி அவளிடமே இருக்கிறதாம்.
ராத்திரி இரண்டு மணிக்கு
மழையில் சைக்கிளோடு நின்று படம் அனுப்பினாள்.
கீழே ஒரு வரி:
"கொஞ்சம் பயமாத்தான் இருக்கு மேடம்,
எங்க போறேன்னு ஒருத்தரும் கேக்கல."

போவதற்கு முன்
ஒரு கவரைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளிவிட்டுப் போயிருந்தாள்.
பதினொரு படிவம்.
கறை அவ்வளவு தூரம் இறங்கவில்லை.
கையெழுத்து மட்டும்.

செப்டம்பரில் தஸ்னீம் வந்தாள்,
கார்ட்டூமிலிருந்து மூன்று நாடு சுற்றி.
அப்பா எங்கே என்று தெரியாது.
அண்ணன் ஏதோ ஓர் எல்லையில், போன் எடுப்பதில்லை.
நுண்ணோக்கி அவளுக்குக் கிடைத்திருப்பது
இன்றைக்கு ராத்திரி பதினொன்றுக்கு.
விதி என்னவென்றால், என்று ஆரம்பித்தேன்.
சுவரில் மூன்று ஐம்பத்திரண்டு.
மேசை டிராயரை இழுத்தேன்.

நைனார்,
உனக்கு இன்னொரு அக்கா.
எவராவது கேட்டால் இருக்கட்டும் என்று
உன் பேரைச் சொல்லிக் கொடுத்தேன்.
மூன்று தடவை தப்பாய்ச் சொன்னாள்,
நாலாம் தடவை சிரித்துவிட்டாள்.
நீ இந்நேரம் ரோலாவில்
யாருடைய போனுக்கோ கண்ணாடி ஒட்டிக்கொண்டிருப்பாய்,
குமிழி விழாமல்
ஓரத்திலிருந்து தேய்த்துத் தேய்த்து.

மீதி பத்து.