நாற்காலி வாடகை

சிலிம் ரிவர் பழைய கடைத்தெரு.
ஆணியும் கம்பியும் விற்ற கடைக்கு மேல்மாடி.
இருபத்திரண்டு படி.
மேசை ஏழு, குளிரூட்டி ஒன்று,
மாதம் நூற்றெண்பது வெள்ளி.
ரசீதில் சியூ லான் 'சேவா கெருசி' என்றுதான் எழுதுவாள்:
நாற்காலி வாடகை.

கணக்குப் பார்ப்பது என் பிழைப்பு.
மெல்பர்னில் யாரோ பல் பிடுங்கிக்கொண்டதற்குக்
காப்புறுதி எவ்வளவு தரும் என்று
இங்கிருந்து சரிபார்க்கிறேன்.
எனவே இதையும் பார்த்தேன்.

வீட்டில் நாற்காலி இருக்கிறது.
இணையத்துக்கு ஏற்கெனவே கட்டியாகிறது.
பெட்ரோல் மிச்சம், மதியச் சோறு மிச்சம்,
மேலே நல்ல சட்டை, கீழே பாத்தேக் சாரோங்.
நியாயப்படி
கணக்கு அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் வீட்டில் இருப்பவள் வேலையில்லாதவள்
என்பது எங்கள் தாமானில் சட்டம்.
கோமளா அக்காவின் பார்சலுக்கு என் கையெழுத்து.
எதிர்வீட்டு கேஸ் தோம்பு என் வாசலில் இறங்கும்.
"சும்மாதானே இருக்கே,
கிளினிக் வரைக்கும் ஒரு எட்டு..."
கூட்டத்தின் நடுவே, என் முதுகுக்குப் பின்னால்,
சர்குணன் குளித்துவிட்டுத் துண்டோடு கடந்துபோனதை
மெல்பர்னில் நான்கு பேர் பார்த்தார்கள்.
ஒருத்தி "நல்ல நிறம்" என்றாள்.
துண்டைத்தான் சொன்னாள் என்று
நம்பிக்கொண்டிருக்கிறேன்.

இதையெல்லாம் எந்தப் பத்தியில் எழுத?

மாடியில் இன்னும் டர்பன்டைன் வாசம்.
'முக்கால் அங்குலத் திருகாணி' என்று
மலாயில் ஒட்டிய இழுப்பறையில்
என் சார்ஜர் கிடக்கிறது.
யோகேஸ் லண்டன் நேரத்துக்காரன்.
நான் இறங்கும்போது ஏறுவான்.
படியின் நடுவில் ஒதுங்கி நின்று
"சாப்டாச்சா?" என்போம்,
பதிலுக்குக் காத்திருக்காமல்.

அப்பாவுக்கு ஐந்தரை மணிக்குப் பெரட்டு.
பேர் கூப்பிடும்போது நிற்காவிட்டால்
அன்றைய கூலி போச்சு.
நானோ காசு கொடுத்து
நோட்டில் பேர் எழுதுகிறேன், நேரம் எழுதுகிறேன்.
யாரும் அதைப் புரட்டிப் பார்ப்பதில்லை.
அப்பாவிடம் சொன்னேன். சிரிக்கவில்லை.
"கூரை ஒழுகுதா?" என்று மட்டும் கேட்டார்.
ஒழுகுகிறது.
மூன்றாவது மேசைமேல்.

மார்ச்சில் கம்பெனி என் மணிநேரத்தைக் குறைத்தது.
மாடியை நிறுத்தினேன். இரண்டு மாதம்.
முந்நூற்றறுபது வெள்ளி மிச்சமானது
கணக்கில் தெரிகிறது,
கையில் தெரியவில்லை.
மணிநேரம் குறைந்ததே தவிர வேலை குறையவில்லை.
சாப்பாட்டு மேசையில், ரசத்துக்குப் பக்கத்தில்,
இரவு பதினொன்றுக்கும் திறந்தே கிடந்தது மடிக்கணினி.
மூடினாலும் மூடியதாகத் தோன்றாது.

மகள் பள்ளியில் 'என் குடும்பம்' வரைந்தாள்.
அப்பாவுக்குப் பழுப்பு, தம்பிக்குப் பழுப்பு,
பூனைக்குக்கூட அதன் நிறம்.
எனக்கு மட்டும் முகம் நீலம்.
ஏன்டி என்றேன்.
"வெளிச்சம்மா" என்றாள்
பென்சிலைச் சீவிக்கொண்டே.

ஜூனில் மறுபடி ஏறினேன்.
லாபமா என்று கேட்காதீர்கள்,
பத்திகள் இன்னும் ஒத்துவரவில்லை.
ஆறு மணிக்கு விளக்கணைத்து,
நோட்டில் நேரம் எழுதி,
இருபத்திரண்டு படி இறங்கும்போது
வேலை மேலேயே இருக்கிறது.
என் காசு ஏறுவதற்கு இல்லை போலும்.

நேற்று சியூ லான் சொன்னாள்,
அடுத்த மாதத்திலிருந்து இருநூறாம்.
முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்தாள்,
மூன்றாவது மேசைக்கு
வாளி இலவசம்.