கூட்டக் குறிப்பேடு

தண்டையல் அம்பலவியார் ஞாபகார்த்த சபையின்
முதல் தீர்மானம், அவருக்கு ஒரு முகம் வேண்டும் என்பது.
பருத்தித்துறை, 1951 மாசி. ஒன்பது பேர்.
படம் ஒன்றும் கிடைக்கவில்லை,
சிமெந்தோ வந்து இறங்கிவிட்டது.
தலைவரின் மைத்துனர் வெய்யிலில்
இரண்டு மணித்தியாலம் அசையாமல் நின்றுகொடுத்தார்.
கிழக்கே கை நீட்டி
இன்றும் முனைச் சந்தியில் நிற்பது
ஒருநாளும் கப்பலேறாத புகையிலைத் தரகர்.

அடுத்த தகராறு, அவர் கண்ட கரை எது?
அக்கியாப் என்றனர் சிலர்.
அதற்கும் அப்பால், பெயரில்லாத தீவு என்றனர்
மாலைச் செலவை ஏற்றவர்கள்.
ஐந்துக்கு நான்கு. தீவு வென்றது.

அறுபத்துமூன்றில் வள்ளப் போட்டி.
அதன்பிறகு நெடுகச் சந்தாப் பாக்கி.
எண்பத்தேழு வைகாசிக்கு ஒரே வரி:
"கூட்டம் நடைபெறவில்லை."
பிறகு பதினொரு வெற்றுப் பக்கங்கள்.
கடலில் இறங்கப் பாஸ் கேட்ட காலத்தில்
கடலோடிக்கு மாலை போட அனுமதி கேட்டுக்
கடிதம் எழுதியிருக்கிறார் செயலாளர் யோகநாயகம்.
பதில் இல்லை.
பூக்கடைப் பற்றுச்சீட்டு மட்டும்
துருவேறிய குண்டூசியில்.

சுனாமி சிலையை விட்டுவிட்டு
நீட்டிய கையை எடுத்துப்போனது.
முழங்கையில் துருத்தும் கம்பியில்
இப்போது யாரோ வலை மிதப்புகளைக் கொழுவுகிறார்கள்.

போன மாதம்தான் அந்தக் கடிதம் கிடைத்தது,
செட்டியார் ஒருவரின் கணக்குக் கட்டுக்குள்.
தண்டையலின் கையெழுத்து. கடனுக்குத் தவணை கேட்கிறார்.
"காற்று இழுத்த பக்கம் போனோம். திசை தெரியாது.
அரிசி முடிந்தது. ஏதோ ஒரு கரை.
அங்குள்ளோர் தண்ணீர் தந்தனர்.
ஊர்ப் பெயர் கேட்க மறந்துபோனோம்."

செயலாளர் என்ற முறையில் நானே வாசித்தேன்.
மின்விசிறிச் சத்தம்.
பொருளாளர் மரியநேசன் மெல்லக் கேட்டார்,
"இது வேற ஆருக்கும் தெரியுமோ?"
கனடாக் கிளை சிலைக்குப் புதுக் கை
செய்யக் காசு அனுப்பியிருந்தது.
எந்தத் திசைக்கு நீட்டுவது?

கூறல்காரி தவமலர் பின்வாங்கிலிருந்து எழும்பினார்.
அவர் கூட்டங்களில் பேசுகிறவரல்ல.
தொண்ணூற்றாறில் கடலுக்குப் போன வள்ளமொன்றின்
இலக்கம் இன்னும் அவருக்கு மனப்பாடம்.
"அந்த மனுசன் திரும்பி வந்தவரோ?"

வந்தார், என்றேன். பதினான்கு மாதம் கழித்து.

"பிறகென்ன. மாலையைப் போடுங்கோ."

வழிமொழிந்தவர் பெயரை எழுத மறந்துவிட்டேன்.
கை பற்றிய விடயம் ஒத்திவைக்கப்பட்டது.
சமூகமளித்தோர் பதினாறு.
தேநீர், வடை: ரூபா ஆயிரத்து அறுநூறு.