ஏனெனில்

மேடைக்கு அடியில் ஒரு பொந்து.
அதில் பதினைந்து வாட் பல்பு, ஒரு முக்காலி, நான்.
இருபத்திரண்டு குளிர்காலமாக
அரசர்களை முழங்காலுக்குக் கீழேதான் பார்த்திருக்கிறேன்.
மண்டியிட்டவர்களின் முகம் மட்டும்
எனக்கு நேராக வரும்.

ருஸே நகரத்து நாடக அரங்கில்
வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுப்பவள் நான்,
ஸ்தாங்கா.
யார் எங்கே திணறுவார் என்பது
பிரதியின் ஓரத்தில் பென்சிலில் இருக்கிறது.
வெலிஸார் திணறும் இடங்களுக்குத் தனி நோட்டு.

வெலிஸார் எங்கள் அரசர். அரங்கின் தலைவரும் அவரே.
கிரீடத்தைக் கழற்றிய பிறகும் நடை மாறாது.
மறந்துவிட்டால் வலது பூட்ஸை இரண்டு முறை தட்டுவார்.
நான் அடுத்த சொல்லை மேலே அனுப்புவேன்,
கிணற்றிலிருந்து வாளி ஏறுவதுபோல,
தளும்பாமல்.
நீர் அவருடையது என்றே ஊர் நம்பும்.
அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை.
உப்பிட்ட கை அது. என் மகளின் ஆபரேஷனுக்கு
முன்பணம் எண்ணி வைத்த கை.

நவம்பரில் கூரை ஒழுக ஆரம்பித்தது.
விளக்குக்காரர் ஸப்ரியான் கூட்டத்தில் எழுந்து நின்று
கூரைக்கென்று வந்த பைன் மரம்
யாருடைய கோடை வீட்டு வராந்தாவில் நிற்கிறது
என்று கேட்டார்.
கோபமாகக்கூட இல்லை.
புதுப் பல்பு எந்த அலமாரியில் என்று கேட்கும் குரல்.

மறுநாள் ஒரு தாள் சுற்றுக்கு வந்தது.
ஸப்ரியான் வேலை நேரத்தில் குடித்திருந்ததைக்
கண்டவர்கள் கையெழுத்திட வேண்டும்.
அவருக்கு வயிற்றுப் புண். மோர்கூடப் பார்த்துத்தான் குடிப்பார்.
எல்லோரும் கண்டிருந்தோம்.
ஏழாவது கையெழுத்து என்னுடையது.
பேனா கசிந்தது.
மூன்று நாள் போகவில்லை விரலில் நீலம்.

அந்த வாரம் ஒரு பழைய ஆங்கிலேயத் துன்பியல்.
நான்காம் அங்கம்.
முப்பது போரில் தன் கொடியைச் சுமந்தவனைப்
பனிவாசலில் சங்கிலியிட ஆணையிடுகிறான் அரசன்.
அவன் செய்ததெல்லாம்
தோற்ற போரைத் தோற்றது என்றதுதான்.

வெலிஸார் கையை உயர்த்தினார்.
"இவனைத் தண்டிக்கிறேன், ஏனெனில்..."

பூட்ஸ் தட்டியது. இரண்டு முறை.

காரணம் என்னிடம் இருந்தது.
விரலுக்கு அடியில், அச்சில், ஆறு சொல்.
வாய் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வந்தது.
பல்லுக்குப் பின்னால் பிடித்துவைத்தேன்.

மறுபடி தட்டினார்.
பூட்ஸின் தோலில் ஒரு வெடிப்பு இருப்பதை
அன்றுதான் பார்த்தேன்.
பால்கனியில் எங்கோ ஒரு வாளியில்
சொட்டு விழுந்தது.
கொடிக்காரனாக மண்டியிட்டிருந்த பையன், மிலென்,
தலை நிமிர்ந்து அரசனைப் பார்த்தான்.
பிரதியில் அப்படி இல்லை.

ஒன்பது நொடி.
பிறகு வெலிஸார் விரலால் சைகை காட்டினார்.
சங்கிலி வந்தது.
காரணம் வராவிட்டாலும் சங்கிலி வருகிறது.

பத்திரிகை எழுதியது:
கொடுங்கோலின் ஆழம் முழுவதும் அந்த மௌனத்தில் தெரிந்ததாம்.
வெலிஸார் பொந்துக்குக் குனிந்தார்.
அந்த ஓட்டையில் அவர் முகம் வந்தது முதல் தடவை.
"இனி தினமும் அங்கே ஒன்பது நொடி. குறித்துக்கொள்."
என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்றும் தெரியும்.
குறித்துக்கொண்டேன்.
கை அதுபாட்டுக்குக் குறித்தது.

ஞாயிறன்று டான்யூப் படகுத்துறைக்குப் போனேன்.
ஸப்ரியான் இப்போது அங்கே
கிரேன்களுக்கு விளக்கு மாட்டுகிறார்.
ஏழாவது கையெழுத்தைப் பற்றிச் சொல்லத்தான் போனேன்.
மூடுபனி. அவர் ஏணியிலிருந்து இறங்கவில்லை.
பத்திரிகை படித்திருந்தார்.
"அந்த இடத்தில் நீல விளக்கைக் குறைத்தார்களா?" என்றார்,
"குறைக்காவிட்டால் பையன் முகம் தெரியாதே."

தெரிந்தது என்றேன்.
ஏணி லேசாக ஆடியது.
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.