ஆறாம் நம்பர்

கம்பெனி கொடுத்தது கறுப்பு ஷூ. முனையில் இரும்பு.
வேலை நேரத்தில் கழற்றினால் ஐந்நூறு பிடித்தம் என்று
கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.
பெருமாள்புரத்து வாசற்படிகளைப் பற்றி
அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

நாளைக்கு ஆறு ஏசி என்றால்
லேஸுக்குப் பன்னிரண்டு முறை குனிய வேண்டும்.
கூட வரும் கொம்பையா முடிச்சே போடுவதில்லை,
பின்பக்கத்தை மிதித்து மிதித்துச்
செருப்பாக்கிவிட்டான் ஷூவை.

வாசலுக்கு வாசல் பேச்சு வேறு.
மேலப்பாளையத்தில் உள்ளே விரித்த பாயைப் பார்த்ததுமே
கை தானாக லேஸுக்குப் போகும்.
டாக்டர் வீட்டில் ஆபரேஷனுக்கு மாட்டுகிற
நீல உறையை நீட்டுவார்கள், ஷூவுக்கு மேலேயே.
வக்கீலம்மாவுக்குக் குதிகால் வலி;
கூடத்துக்கு ஒரு செருப்பு, அடுப்படிக்கு ஒன்று,
நமக்கு மட்டும் வெறுங்கால்.
ஒரு வீட்டில், டல்லாஸிலிருந்து வந்த மருமகன்
ஷூவோடு சோபாவில் கால்மேல் கால்.
மாமியார் ஒன்றும் சொல்லவில்லை.
அவர் எழுந்து போன தடமெல்லாம்
ஒரு துணியைக் காலால் தள்ளிக்கொண்டே
சிரித்த முகத்தோடு பின்னால் போனார்.

என் வீடு மட்டும் என்ன.
வேலைச் சட்டைக்குக் குளியலறைக்கு வெளியே ஒரு ஆணி.
அதைத் தாண்டி வந்தால் முப்பிடாதி விடமாட்டாள்:
‘தெருவக் கொண்டாந்து கட்டில்ல போடாதிய.’
அவள் சொன்னால் கழற்றிவிடுவேன்.

அப்பா கழற்றிய இடம் வேறு.
வீடில்லை, தெருமுனை.
டைல்ஸ் இல்லை, வெறும் புழுதி.
எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டால்
அந்தப் புளியமரம் தாண்டித்தான் திரும்பக் காலுக்கு.
மண்ணில் மண் பட்டு
என்ன அழுக்காகியிருக்கும்?

அதனால் யார் ‘கழத்துங்க’ என்றாலும்
உடனே குனிவதில்லை நான். ஒரு நொடி குரலைக் கேட்பேன்.
தரையை நினைத்துச் சொல்வது ஒரு மாதிரி இருக்கும்,
என்னை நினைத்துச் சொல்வது ஒரு மாதிரி.
பாதி வீடுகளில் தெரிந்துவிடும்.

கேடிசி நகரில் தெரியவில்லை.
மே கடைசி, உச்சி வேளை,
குற்றாலத்தில் சாரல் இறங்க இன்னும் நாளிருக்கிறது.
பில்லில் பெயர் ஜெசிந்தா.
‘கழத்திட்டு வாங்க’ என்றுவிட்டுத் திரும்பிவிட்டார்,
முகம் பார்க்கக் கிடைக்கவில்லை.
கூடம், அடுப்படி, ஏசுநாதர் படம், படிக்கட்டு,
மேலே மொட்டைமாடி.
அவுட்டோர் யூனிட் அந்தக் கடைசியில்.

தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் எப்படியோ அப்படி நான்.
தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு சாண் அகலம்.
அதில் ஒற்றைக்காலில் நின்று
கேஸ் பிரஷர் பார்க்கிறேன்,
ஸ்பானர் பையைக் காலடியில் போட்டு ஏறிக்கொள்கிறேன்.
கீழே போய் ஷூவை எடுத்துவரலாம்,
அந்தக் கூடத்தைத் தாண்டித்தான் கொண்டுவர வேண்டும்.
கேட்க வாய் வரவில்லை.

படிக்கட்டில் சத்தம்.
கையில் ஒரு ஜோடி, ரோஸ் கலர், ரப்பர்,
ஆறாம் நம்பர்.
‘பாத்ரூம் செருப்புதாண்ணே. அவுக செருப்பெல்லாம்
அவுகளோட துபாய்ல கெடக்கு.’
வைத்துவிட்டுத் திரும்பி ஓடினார்
ஆ ஊ என்று, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு,
அப்போதுதான் கவனித்தேன்
அவருக்கும் வெறுங்கால்.

என் கால் ஒன்பது. குதிகால் இரண்டு விரல் வெளியே.
அந்த இரண்டு விரலும் வெந்தது,
மற்றதெல்லாம் பிழைத்தது.

வேலை முடிந்ததும் மாடிக் குழாயில்
அந்தச் செருப்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.
ஏன் கழுவினேன் என்று தெரியவில்லை.
யார் சொன்னது கழுவச் சொல்லி?

மூன்று மாதத்துக்கு ஒரு சர்வீஸ்.
ஆகஸ்டில் அந்த வீடு மறுபடி வரும்.
போனால் பாத்ரூம் கதவோரம் கண் போகும்,
ரோஸ் கலர் கிடக்கிறதா,
வேறு கலரா என்று.

கொம்பையாவை அனுப்பிவிடலாம்தான்.