அறுபத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு செதில்

ஜெலுத்தோங் சந்தையில்
கோழி வெட்டும் வரிசையைத் தாண்டி
இருபத்திரண்டு படி ஏறினால் ஒரு கதவு.
பெர்புஸ்தக்காஆன் என்று பலகை.
அந்த நீளமான மலாய்ச் சொல்லுக்குள்
நம்ம புஸ்தகம்
பஸ்ஸில் சன்னலோரம் பிடித்தவன் மாதிரி
உட்கார்ந்திருப்பதைக் கவனிக்க
எனக்குப் பதினோரு வருஷம் ஆனது.

பதினோரு வருஷமும் நான் கீழே.
இளநீர். காய் ஐந்து ரிங்கிட்.
மேலே படித்தவர்கள் போகிற இடம் என்று நினைப்பு.
பாதிப்பேர் போவது ஏர்கோனுக்காக,
பாரம் பிரிண்ட் எடுக்க,
மாமியார் இல்லாத இடத்தில் அரைமணி நேரம் உட்கார.
அதெல்லாம் பிறகு தெரிந்தது.

ஜூனில் வீட்டுக்காரருக்குக் கிட்னி என்றார்கள்.
டாக்டர் மலாயில் வேகமாகச் சொன்னார்.
நான் தலையாட்டினேன்.
புரிந்து அல்ல,
எனக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றார்கள்.

மறுநாள் மதியம் பாராங்கத்தியைச் சாக்கில் சுற்றிவைத்துவிட்டு
படியேறினேன்.
கவுண்டரில் புவான் ஸாலேஹா.
கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு
"கிட்னி. தமிழ். அடா?" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
சமையலுக்கும் ஜோசியத்துக்கும் நடுவிலிருந்து
ஒல்லியாய் ஒரு புத்தகம் உருவிக் கொடுத்தாள்.
வாய் பழக்கம், "பெராப்பா?" என்றேன்.
"பெர்ச்சுமா."
அதற்குள்ளும் என் காதில் விழுந்தது ஒரு சும்மா.
ஒரு நாளைக்கு நூறு தடவை விலை சொல்கிறவளுக்கு
அந்தச் சொல்லோடு என்ன செய்வதென்று தெரியவில்லை.
புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அறுபத்து மூன்றாம் பக்கம்.
தவிர்க்க வேண்டியவை.
முதல் வரி: இளநீர்.

மூன்று வருஷமாகத்
தினம் முதல் காயை அவருக்குத்தான் சீவினேன்.
சூடு தணியட்டும் என்று.

வெகுநேரம் அந்தப் பக்கத்தைத் திருப்ப முடியவில்லை.
அப்போதுதான் பார்த்தேன்,
அந்த வரியின் மேலேயே ஒட்டிக் காய்ந்து
ஒரு மீன் செதில்.
என்னிடமிருந்து தேங்காய் நார் விழும்.
செதில் விழாது.

பின்னட்டைத் தாளில் பேர் இல்லை, தேதிகள் மட்டும்.
ஏப்ரலில் இரண்டு முத்திரை. மேயில் இரண்டு.
யாரோ திரும்பத் திரும்ப
இதே புத்தகத்தை எடுத்துப் போயிருக்கிறார்கள்.

பதினாலாம் நம்பர் மீன்கடை மீரான் பாய்
மதியம் ஒரு காய், பிளாஸ்டிக்கில் கட்டி,
வீட்டம்மாவுக்கு என்று வாங்கிப்போவார்.
ஏப்ரலில் நிறுத்தினார்.
ரவுண்டபவுட்டில் ஐம்பது காசு குறைத்துத் தருகிறான் ஒருத்தன்,
அங்கே போகிறார் என்று நானே முடிவுகட்டி
அவருக்கு வணக்கம் சொல்வதை விட்டேன்.
மீனை எதிர்க்கடைச் சீனனிடம் மாற்றினேன்.
இரண்டு மாதம்
பன்னிரண்டு அடி தூரத்தில்
ஒரே பயத்தை வைத்துக்கொண்டு
முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தோம்.

வேண்டியதை நோட்டில் எழுதிக்கொண்டு
ஐந்தாம் நாளே திருப்பிக் கொடுத்தேன்.
"இன்னும் ஒன்பது நாள் இருக்கே" என்றாள் ஸாலேஹா.
கீழே ஆள் இருக்கிறார் என்று சொல்ல
என் மலாய் போதவில்லை.
விரலால் தரையைக் காட்டினேன்.
அவளுக்குப் புரிந்த மாதிரிதான் இருந்தது.
செதிலை நான் எடுக்கவில்லை.

அன்று மீரான் பாயிடம் அரைக் கிலோ கெம்போங் வாங்கினேன்.
எதுவும் பேசவில்லை.
ஐம்பது காசு கூடத்தான் போட்டார், மனுஷன்.

புதன்கிழமை மறுபடி ஏறிப் பார்த்தேன்.
சமையலுக்கும் ஜோசியத்துக்கும் நடுவே
ஒரு விரல் அகலம்
காலி.