மூன்று இருபதுக்கு மின்தடை

ஆம்ப்ளிஃபயர் என் பொறுப்பு.
கருத்தரங்கக் கூடத்தில் கடைசி வரிசைக்கும் பின்னால்
ஒரு ஸ்டூல், ஒரு மேசை,
சிவப்பு விளக்கு எரியும் பழைய பெட்டி.
பத்தொன்பது வருஷத்தில்
பேசுகிறவர் முகத்தைவிடக்
கேட்கிறவர் பிடரியைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்குத் தலைப்பு: ஆறும் ஆலையும்.
மோனை பிடித்துப்போய் வைத்திருப்பார்கள்.

சோனாங்குப்பத்து நிரோஷா, விலங்கியல் மூன்றாம் ஆண்டு,
தாள் இல்லாமல் பேசினாள்.
உப்பனாற்றில் வலை இழுத்தால்
ராத்திரி முழுக்கக் கை அரிக்கிறது என்றாள்.
அம்மா நண்டைக் கூறு கட்டி உட்கார்ந்தால்
வருகிறவர்கள்
'கடல் நண்டா, ஆத்து நண்டா' என்று கேட்டுவிட்டுத்தான்
குனிகிறார்கள் என்றாள்.
மைக் அவள் மூச்சையும் சேர்த்துக் கொடுத்தது.

மூன்றாவது வரிசையில் தவசீலன் எழுந்தான்.
செம்மங்குப்பம். வேதியியல்.
அப்பாவுக்குச் சாயக் கம்பெனியில் நைட் ஷிஃப்ட்.
'என் ஃபீஸ் அந்தப் புகையில இருந்துதான் வருது.
மூடணும்னு சொல்றீங்க.
மூடின மறுநாள் காலையில
எங்க வீட்ல உலையில என்ன போடறதுன்னும்
அதே மைக்ல சொல்லிட்டுப் போங்க.'

அவ்வளவுதான்.
ஒரு பக்கம் 'கம்பெனிக் கைக்கூலி' என்றது.
இன்னொரு பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு
'மீன் வாடை' என்றது.
அந்தச் சொல் விழுந்ததும்
சில பிடரிகள் இறுகியதைப் பார்த்தேன்.

முதல்வர் திரும்பினார். வாயைத் திறக்கவில்லை.
ஒரு விரலை மட்டும் கீழே மடக்கினார்.

இதற்கு முன்னும் அணைத்திருக்கிறேன்.
ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றிப் பேசிய பையன்,
பிரிவுபசார விழாவில்
சம்பள பாக்கியைச் சொல்லத் தொடங்கிய
கௌரவ விரிவுரையாளர்.
என் கை என்னைக் கேட்பதில்லை.
சிவப்பு விளக்கு அணைந்தது.

கலைந்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.
நாற்காலிகள் நகர்ந்தன.
அப்போது அவள்,
மீன் வாடை என்று கேட்ட அதே காதோடு,
செத்த மைக்கை மேசையில் வைத்துவிட்டு
'அவரு இன்னும் முடிக்கல' என்றாள்.
கத்தவில்லை.
என்ன சொன்னாள் என்று கேட்க முன்வரிசை உஷ் என்றது.
முன்வரிசை எதற்கு உஷ் என்கிறது என்று
நடுவரிசை அடங்கியது.

மின்விசிறிச் சத்தத்துக்கு அடியில் அவன் முடித்தான்.
அந்த வாடைப் பேச்சு என் பேச்சு இல்லை, முதலில் அதை.
பிறகு அப்பாவின் இருமலை.
வீட்டில் யாரும் அதற்கு
இன்னும் பேர் வைக்காததை.
ஆனாலும் மூடக் கூடாது என்றான்.
ஆனாலும் மூடணும் என்றாள்.
எத்தனை வருஷத்தில், அதுவரை யாருக்கு என்ன வேலை என்று
எனக்கு முன்னாலிருந்த பிடரி ஒன்று கேட்டது.
அவளுக்குத் தெரியவில்லை.
தெரியவில்லை என்றே சொன்னாள்.
இந்தக் கூடத்தில் அந்தச் சொல்லை
அதற்கு முன் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

மைக்கை நிறுத்தியது யார் என்று
மாணவர்கள் மனு கொடுத்தார்கள்.
பதிவேட்டில் காரணம் எழுதச் சொன்னார்கள் என்னை.
'மின்தடை. மூன்று இருபது முதல் நான்கு வரை.'
என் கையெழுத்துதான்.
விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன என்பதை
இங்கே எழுதுகிறேன்.
அங்கே கட்டம் சின்னது.

அன்று சாயங்காலம் ஓ.டி. பஸ்ஸில்
எனக்கு நிற்கத்தான் இடம்.
அவளுக்கு ஜன்னலோரம் கிடைத்திருந்தது.
அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு
கழிவுநீர் பற்றி ஏதோ கணக்குச் சொன்னான்.
அது பழைய கணக்கு என்றாள்.
கெடிலம் பாலத்தில் பஸ் குலுங்க
அவன் தோளிலிருந்து பை நழுவியது.
'குடுங்க' என்று வாங்கி
மடியில் வைத்துக்கொண்டு,
விட்ட இடத்திலிருந்து மறுத்தாள்.