எந்தத் தண்ணீரில்

அங்கே காலை ஒன்பதுக்கு நீதிபதி வந்து உட்காரும்போது
ஃபஹாஹீலில் எங்களுக்கு மாலை ஐந்து.
காலர் அழுக்கோடு திஷ்டாஷாக்கள் வந்து குவியும் நேரம்.
ஸ்டீம் பிரஸ்ஸுக்கு மேலே, கஞ்சி டப்பாக்களுக்கு நடுவே
ஒரு பழைய டிவி.
பதினோரு நாளாக அதில் ஒரே ஆள்.
ஒஹாயோவில் பல் மருத்துவராம்.
மனைவியின் தம்பியைக் கொன்றதாக வழக்கு.
பெயர் வாயில் நுழையாததால்
நாங்கள் வைத்த பெயர் பல்லு.

லோக்பகதூருக்கு ஆங்கிலம் தெரியாது,
கைகளை மட்டும் பார்க்கிறான்.
குற்றமில்லாதவன் மோதிரத்தை
இத்தனை தடவை திருக மாட்டானாம்.
ஓபுலேசு நேற்றுவரை விடுதலைக் கட்சி,
இன்று சாப்பாட்டுக்குப் பிறகு மாறிவிட்டான்.
கல்லாவில் ஷவ்கி.
மன்சூராவில் சட்டம் படித்துவிட்டு
இங்கே துணிக்கு ரசீது எழுதுகிறவர்.
"முகத்தைப் பார்க்காதே, காகிதத்தைப் பார்" என்பார்.
பார்ப்பதென்னவோ முகத்தைத்தான்.

இன்று பல்லுவே கூண்டேறினான்.
தண்ணீர் கேட்டான். குடிக்கவில்லை.
"கதவைத் திறந்தபோது அவர் உயிரோடு இருந்தாரா?"
என்று வக்கீல் கேட்ட அதே நொடி
என் கால், பழக்கத்தில், பெடலை மிதித்தது.
புஸ்ஸென்று ஆவி.
அது அடங்குவதற்குள் வக்கீல் தாளைப் புரட்டியிருந்தார்.
தலையாட்டினான் என்கிறான் லோக்பகதூர்.
அழுதான் என்கிறான் ஓபுலேசு.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
அந்தப் பதில் ஒரு குத்ராவின் மடிப்புக்குள்
சூடாகப் போய் உட்கார்ந்துவிட்டது.

பிறகு சட்டைக்கு வந்தார்கள்.
ராத்திரி ஒரு மணிக்கு ஏன் துவைத்தாய்?
ஒயின் கொட்டிவிட்டது.
எந்தத் தண்ணீரில்?
சுடுதண்ணீரில்.
வக்கீல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்!
நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன்.
அட, நில்லப்பா, இங்கே நில்.
ரத்தத்தைச் சுடுதண்ணீரில் போட்டால் வெந்து,
நூலோடு நூலாகப் பழுத்துவிடும்.
அதற்குப் பச்சைத் தண்ணீர்தான், அதுவும் உடனே.
கொதிநீருக்கு விட்டுக்கொடுப்பது ஒயின்தான்.
பதினாறு வருடத்தில் இந்தக் கைகள் படித்தது
இவ்வளவுதான். இதை யார் அங்கே போய்ச் சொல்வது?

சொன்னாலும் என்ன.
தெரியாதவனும் சுடுதண்ணீரைத்தான் திறப்பான்,
பயந்த கை சிவப்புக் குழாய்க்குத்தான் போகும்.
கறை இருக்கிறது, எதன் கறையென்று சொல்ல முடியவில்லை
என்று போன வாரமே சொல்லிவிட்டார் நிபுணர்.

"நினைவில்லை" என்றான் பல்லு. மூன்றாம் முறை.
"பொய்" என்றார் ஷவ்கி, ரசீதிலிருந்து தலை தூக்காமல்.
"உண்மைக்காரன் கண்ணைப் பார்த்துப் பேசுவான்."

நான் பார்த்துத்தான் பேசினேன்.
நான்கு வருடம் முன்பு, இதே கல்லா அருகே,
போலீஸ்காரரின் கண்ணை, இமைக்காமல்:
அந்த நேரம் நான் பாய்லர் அறையில் இருந்தேன்.
குரல் நடுங்கவில்லை. தண்ணீர் கேட்கவில்லை.
ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ளவும் தெரிந்திருந்தது.
யாரோ ஒருவரின் திஷ்டாஷா பையில்
எண்ணூறு தினார் இருந்த உறை.
அதை மொய்னுல் எடுத்ததைப் பார்த்தேன்.
எடுத்துக் கல்லாவில் வைத்ததையும் பார்த்தேன்.
கல்லாவில் அன்று யார் இருந்தார் என்று
யாரும் என்னைக் கேட்கவில்லை.
மொய்னுல் பேசும்போது தரையைப் பார்த்தான்,
மூக்கைத் துடைத்தான், முன்னுக்குப் பின் உளறினான்.
ஒன்பதாம் நாள் விமானம் ஏற்றிவிட்டார்கள்.
அவனுடைய ரப்பர் செருப்பு
ரொம்ப நாள் டிரையருக்குப் பின்னால் கிடந்தது.

"நீ என்ன சொல்கிறாய்?" என்று
ஷவ்கி என்னைக் கேட்கிறார், டிவியைக் காட்டி.
"சரியாகக் கேட்கவில்லை, ஆவி" என்கிறேன்.
அவர் என்னைப் பார்த்த அளவுக்கு
அந்தக் கேள்வி அவ்வளவு பெரியதில்லை.

வியாழக்கிழமை ஜூரி உள்ளே போகிறதாம்.
ஓபுலேசு ஒரு ஷவர்மா பந்தயம் கட்டுகிறான்.
வாசலில் ஒரு பெண், வெள்ளைச் சட்டையை
கவுண்டரில் விரிக்கிறாள். கைமடிப்பில் தவிட்டு நிறம்.
என்ன கறை என்று கேட்டால்
தெரியாது, என்கிறாள், கணவருடையது.
ஷவ்கி ரசீதைக் கிழித்து என் பக்கம் தள்ளுகிறார்.
வழக்கமான முத்திரையை அதன் மேல் குத்துகிறேன்:
கறை முன்பே இருந்தது.